"கல்யாணம் ஆகவில்லை" என்று சீட்டில் எழுதியதும் விட்டுப்போகும் பரிசோதனைகள்

கேள்வி: எனக்கு 33 வயது. கோவையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 5 வருடமாக என் இணையருடன் சேர்ந்து வாழ்கிறேன். அவரும் பெண்தான், வயது 36. வீட்டில் சொல்லவில்லை; அம்மாவுக்குச் சந்தேகம் இருக்கிறது. எட்டு மாதமாக எனக்கு வெள்ளைப்படுகிறது, மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடையும் இருக்கிறது. இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். இருவரும் "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் உள்ளே பார்க்காமலே நாலு மாத்திரை உள்ள கிட் ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி வந்துவிடும். மாதவிலக்கும் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறார் ஒருவர். பாப் ஸ்மியர் கேட்டதற்கு "உனக்கு எதுக்கும்மா அது?" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குள் தொற்று பரவுமா? அந்தப் பரிசோதனை எனக்குத் தேவையா? டாக்டரிடம் எப்படிச் சொல்வது? என்னை "மாற்றும்" டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போகப் போவதாக அம்மா சொல்கிறார். அப்படி ஒரு வைத்தியம் உண்மையில் இருக்கிறதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வைத்தியம் கிடையாது. பாப் ஸ்மியர் போன்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உங்களுக்குத் தேவை, உங்கள் இணையருக்கும் தேவை. வெள்ளைப்படுதலுக்கு உள்ளே பார்க்காமல் மூன்றாவது முறையும் மாத்திரை வாங்காதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போவதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான்.

நம் ஊர் மகப்பேறு ஓ.பி.யில் "உடலுறவு அனுபவம் உண்டா?" என்று கேட்கக் கூச்சப்பட்டு "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்கிறார்கள். சீட்டில் "அன்மேரிட்" என்று விழுந்துவிட்டால் அதன்பின் பல விஷயங்கள் தானாகவே நின்றுவிடும். பெண்ணுறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெக்குலம் கருவியை வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்து மட்டும் எடுப்பார்கள். பாப் ஸ்மியர் பேச்சே வராது. "கன்னித்தன்மை போய்விட்டது" என்று நாளைக்குப் பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்ற பயம் பல டாக்டர்களுக்கு இருக்கிறது, அதுதான் இதற்குக் காரணம். 33 வயதுப் பெண்ணைப் பரிசோதிக்க அவருடைய சம்மதம் போதும், வேறு யாருடைய அனுமதியும் வேண்டாம். அவர்கள் கேட்டதற்கு நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். கேட்ட கேள்விதான் தப்பு.

அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "கல்யாணம் ஆகல டாக்டர். ஆனா உடலுறவு அனுபவம் இருக்கு. என் பார்ட்னர் ஒரு பெண்." அவ்வளவுதான், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. இதைச் சொன்னால் தேவையில்லாத கர்ப்பப் பரிசோதனையும் கருத்தடை அறிவுரையும் மிச்சம். முன்பு எப்போதாவது ஆணோடு உறவு இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் எந்தெந்தத் தொற்றைத் தேட வேண்டும் என்பது அதனால் மாறும். பெண் என்று சொல்ல அந்த இடம் பாதுகாப்பாகத் தோன்றவில்லையா? "உடலுறவு அனுபவம் இருக்கு, ஸ்பெக்குலம் வச்சுப் பாருங்க, எனக்குச் சம்மதம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பரிசோதனைக்கு அது போதும். அம்மா கூட வந்திருந்தால், "பரிசோதனைக்கு நான் மட்டும் வர்றேன்" என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. நடைமுறையில் ரகசியம் கசிவது பெரும்பாலும் டாக்டர் வாயால் இல்லை. பதிவுக் கவுண்டரில் பழைய கார்டில் அப்பாவின் செல் நம்பர் இருக்கும், லேப் ரிப்போர்ட் அந்த வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். ஆகவே புதுச் சீட்டு போட்டு உங்கள் நம்பரை மட்டும் கொடுங்கள். குடும்ப இன்சூரன்ஸில் பில் போடுவதாக இருந்தால் ரிப்போர்ட்டின் நகல் அங்கேயும் போகும். இந்தப் பரிசோதனைகளுக்கு முடிந்தவரை கையிலிருந்தே பணம் கட்டிவிடுங்கள்.

இனி வெள்ளைப்படுதல். மெல்லிய, சாம்பல் கலந்த வெள்ளை, மீன் வாடை, உறவுக்குப் பின்னும் மாதவிலக்கை ஒட்டியும் வாடை தூக்கலாக இருப்பது: இவையெல்லாம் பாக்டீரியல் வெஜைனோசிஸ் எனும் பி.வி.யின் அடையாளங்கள். பெண்ணுறுப்பின் உள்ளே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் புளிப்புத்தன்மையை 3.8 முதல் 4.5 பி.எச். அளவில் வைத்திருக்கும். அவை குறைந்து வேறு கிருமிகள் பெருகும்போது பி.எச். 4.5-ஐத் தாண்டும், வாடையும் வரும். உறுதி செய்ய நாலு விஷயம் பார்ப்பார்கள்: திரவத்தின் தன்மை, பி.எச். தாள், 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் கிளம்பும் மீன் வாடை, மைக்ராஸ்கோப்பில் "க்ளூ செல்", அதாவது பாக்டீரியா அப்பிய செல். இதில் மூன்று இருந்தால் பி.வி. என்று சொல்லலாம். கண்ணாடித் தகட்டில் உப்பு நீர் விட்டு உடனே பார்க்கும் "வெட் மவுண்ட்" சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய செலவு கிடையாது.

உங்களுக்குக் கொடுத்த கிட்டில் வழக்கமாக ஃப்ளுகோனசோல் 150 மி.கி. ஒன்று, அசித்ரோமைசின் 1 கிராம் ஒன்று, செக்னிடசோல் 1 கிராம் இரண்டு இருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, கிளமிடியா போன்ற தொற்றுக்கு ஒன்று, பி.வி.க்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும் இரண்டு. எது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பது. செக்னிடசோல் பி.வி.க்குக் கேட்கும் மருந்துதான், அதனால்தான் இரண்டு வாரம் நிம்மதி கிடைத்தது. தேவையில்லாமல் போட்ட அசித்ரோமைசின், மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் அடித்து, அடுத்ததாகப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கலாம். தயிர்த் திப்பி போலக் கெட்டியாக, வாடை இல்லாமல் அரிப்பு மட்டும் இருந்தால் அது பூஞ்சை, மருந்தே வேறு. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ்.

பி.வி. என்று உறுதியானால் மெட்ரோனிடசோல் 400 மி.கி. காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பிட்டபின், 7 நாள். வாயில் உலோகச் சுவையும் லேசான குமட்டலும் வரும். நாலாம் நாளே வாடை போய்விடும், பலரும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 0.75% மெட்ரோனிடசோல் ஜெல் இரவில் உள்ளே வைப்பது, 5 நாள். அல்லது 2% கிளிண்டமைசின் கிரீம், 7 நாள். கிளிண்டமைசின் கிரீமில் எண்ணெய் இருப்பதால், நிறுத்திய பிறகும் 5 நாள் வரை ஆணுறையின் ரப்பர் பலவீனமாகும். டாய் (உறவில் பயன்படுத்தும் செயற்கைக் கருவி) மேல் ஆணுறை போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். முழுதாக 7 நாள் போட்டும் பி.வி. திரும்பலாம்; ஒரு வருடத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் திரும்புகிறது. வருடத்தில் 3 தடவையோ அதற்கு மேலோ வந்தால், முதல் சிகிச்சை முடிந்ததும் அதே ஜெல்லை வாரம் 2 முறை என 3 மாதத்துக்குக் குறையாமல் தொடர்வது ஒரு வழி. இதை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

வாடைக்குப் பயந்து பலர் செய்யும் ஒரு காரியம் நோயை வளர்க்கிறது: டெட்டால் தண்ணீர், வினிகர், வாசனை வாஷ் கொண்டு உள்ளே கழுவுவது. உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். வெளிப்பக்கம் சாதாரணத் தண்ணீர் போதும். பரிசோதனைக்கு முன் 2 நாள் உள்ளே எந்தக் கிரீமும் மாத்திரையும் வைக்காதீர்கள், வைத்தால் சோதனையில் ஒன்றும் தெரியாது. மாதவிலக்கு நாட்களிலும் போகாதீர்கள், ரத்தம் பட்டால் பி.எச். தாள் தப்பாகக் காட்டும்.

உங்களுக்குள் பரவுமா என்றால், பரவும். "பெண்ணும் பெண்ணும்தானே, தொற்று வராது" என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பெண் இணையரோடு வாழும் பெண்களிடம் பி.வி. கூடுதலாகவே காணப்படுகிறது, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது சகஜம். விரலிலும் பகிர்ந்துகொள்ளும் டாயிலும் ஒட்டும் திரவம்தான் வழி. டிரைக்கோமோனாஸும் இதே வழியில் போகும். உதட்டில் நீர்க்கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவில் ஹெர்ப்பிஸ் கீழே இறங்கும், சிஃபிலிஸும் புண் வழியாகத் தொற்றும். எச்.ஐ.வி. மட்டும் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போவது மிக மிக அபூர்வம். ஆகவே இணையரையும் கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். இருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே வாரத்தில் மருந்து எடுங்கள், அந்த 7 நாள் உறவு வேண்டாம். உங்களுக்குச் சரியாகி அவருக்கு அப்படியே இருந்தால் எட்டு மாதக் கதை தொடரும். அதற்குப் பிறகும், டாய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும்போது ஆணுறையை மாற்றுங்கள், அல்லது சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இருவரும் இதுவரை செய்ததில்லை என்றால் எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸுக்கான ரத்தச் சோதனை), மஞ்சள் காமாலை பி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம்.

பாப் ஸ்மியர் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். நூற்றில் 70 புற்றுக்கு இதன் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். தோல் மேல் தோல் உரசினாலே பரவும், விரலும் டாயும் போதும், ஆண் தேவையில்லை. கல்யாணத்துக்கும் இந்த வைரஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 30 வயது தாண்டிய எல்லாப் பெண்களும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாப் ஸ்மியர் என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வி.ஐ.ஏ. இலவசமாகச் செய்கிறார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5% அளவில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனை தேவை என்று அர்த்தம். வெள்ளைப்படுதலுக்கு மருந்து முடித்து 2, 3 வாரம் கழித்து இவற்றுக்குப் போங்கள், அழற்சி இருக்கும்போது பார்த்தால் முடிவு குழப்பும்.

ஸ்பெக்குலம் என்றதும் வலிக்குமே என்று தோன்றும். அதில் சிறிய அளவு உண்டு, "சின்னது வையுங்க" என்று கேட்கலாம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கொஞ்சம் தடவினால் சுலபமாக உள்ளே போகும். இடுப்பைத் தூக்கி இறுக்காமல், மூச்சை மெதுவாக வெளியே விடும்போது வைக்கச் சொல்லுங்கள். "நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்த வேண்டும், அதையும் தொடங்கும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால் எச்.பி.வி. சோதனைக்கு மாதிரியை நீங்களே எடுக்கலாம். மென்மையான பிரஷை உள்ளே விட்டுச் சில சுற்றுச் சுற்றி, கொடுத்த குப்பியில் போட்டால் முடிந்தது. பி.சி.ஆர். முறைச் சோதனையில் இப்படி எடுத்ததும் டாக்டர் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே துல்லியம்தான். எந்த லேபில் இந்த வசதி இருக்கிறது என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் தம்பதிகளுக்குள் ஒரு சண்டை வருவதுண்டு: "யாரிடமிருந்து வந்தது?" இந்த வைரஸ் பல வருடம் ஓசையில்லாமல் இருந்து திடீரென்று சோதனையில் தெரியும். அதை வைத்து யார் துரோகம் செய்தார் என்று சொல்லவே முடியாது. பெரும்பாலானவர்களுக்கு 2 வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். 16 அல்லது 18 வகை என்றால் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் சோதனை, செய்வார்கள். மற்ற வகைகளுக்குப் பாப் அல்லது வி.ஐ.ஏ. பார்த்துவிட்டு ஒரு வருடம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். எச்.பி.வி. தடுப்பூசி உறவு தொடங்கும் முன் போட்டால்தான் முழுப் பலன். உங்கள் வயதில் பலன் குறைவு, ஆனால் போடக்கூடாது என்றில்லை. 0, 2, 6 மாதம் என 3 ஊசி. போட்டாலும் பரிசோதனை தொடர வேண்டும்.

மாதவிலக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை என்பதில்தான் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பேச்சு உண்மையில் கேடு செய்கிறது. தாலி கட்டினால் கருமுட்டை வெளிவந்துவிடாது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டெரோன் ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து வேலை செய்து கர்ப்பப்பையின் உள்தோலைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். பல வருடம் இப்படிப் போனால் அந்த உள்தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். 90 நாளுக்கு மேல் வராமலிருப்பது வழக்கமாகிவிட்டால் அப்படியே விடக்கூடாது. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை முதலில் பாருங்கள். முகத்தில் முடி, அதிகப் பரு இருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று சொல்ல ஸ்கேன்கூட அவசியமில்லை. ஸ்கேன் எடுத்தால் உள்தோலின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். உள்வழி ஸ்கேனில் அது தெளிவாகத் தெரியும், அதற்குச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டுப் படுக்க வேண்டும்.

சிகிச்சையாக மெட்ராக்ஸி புரோஜெஸ்டெரோன் 10 மி.கி. தினம் ஒன்று, 10 நாள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு வரும். வருடத்தில் 4 முறையாவது இப்படி வரவைத்தால் உள்தோல் காக்கப்படும். "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எனக்கு எதற்கு?" என்று ஒதுக்க வேண்டாம், இந்தக் காரியத்துக்கு அதுவும் நல்ல மருந்து. உயர் ரத்த அழுத்தம், கண் முன்னே மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் போன்றவை இருந்தால் அது ஆகாது.

இனி அம்மா விஷயம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. மாற்றுவதாகச் சொல்லும் எந்தச் சிகிச்சைக்கும் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. யாராவது டாக்டர் மாற்றித் தருகிறேன் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கட்டாயமாக மனநல மருத்துவமனை எதிலாவது சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் இதை இந்த வாரமே செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நீங்களே நியமிக்க இடம் தருகிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, 18 வயது நிறைந்து, அந்தப் பொறுப்பைச் செய்ய முடிந்தவராக இருந்து, எழுத்துமூலம் சம்மதித்தால் சரி. உங்கள் இணையர் பெயரையே எழுதலாம். நீங்கள் யாரையும் எழுதி வைக்காவிட்டால் அந்த இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார், ஒருவரால் சொந்தமாக முடிவெடுக்க முடியவில்லை என்று மருத்துவமனை சொல்லும்போது பேச்சு அவரிடம்தான் போகும். அசல் உங்களிடம் இருக்கட்டும், ஒரு நகல் இணையரிடம், ஒன்று நம்பிக்கையான நண்பரிடம்.

இத்தனை நெருக்கடியில் தூக்கம் கெட்டு மனம் சோர்ந்திருந்தால் அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது சரிதான். அந்தச் சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, உங்கள் காதலுக்குத்தான் சிகிச்சை தேவையில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியில், 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

காய்ச்சலோடு அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்குக்கு இடையே ரத்தம், புண் இவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மற்றபடி இருவரும் ஒரே நாளில் போவது நல்லது. அப்போது தனித்தனிச் சீட்டு போடுங்கள். ஒரே சீட்டில் இருவருக்கும் மருந்து வாங்கினால், இணையருக்கு என்ன ஒவ்வாமை, என்ன மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்கு 36 வயது, அவருடைய கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கும் எப்போது வரலாம் என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள்.